ஊசியும் நூலும் ஒரு கொப்பியும்

நல்லதண்ணியிலே பருவகாலத்தில் ஊசியும் நூலும் விற்காத பெட்டிக்கடையைக் காண்பது அரிது. டிசெம்பர் மாதப் பூரணையில் தொடங்கி, மே மாத வெசாக் பூரணை வரை, சிவனொளிபாத மலையை நோக்கி அடியார் கூட்டம் எமது ஊர் வழியாக ஏறிக்கொண்டேயிருக்கும். 2243 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் பாதி வழிக்கும் மேலே 'இந்திகட்டுபான' என்றோர் இடமுண்டு. புத்தபெருமான் தம் சீவர ஆடையின் கிழிசலைத் தைத்துக்கொள்ள அங்கே தங்கினார் என்பது பௌத்தர்களின் ஐதிகம். ஆகவே, ஏறுவோர் ஊசியிலே நூலைக் கோத்து அங்கே இட்டுச் செல்வர். வெள்ளை நூலைக் கட்டைகளிலிருந்து அவிழ்த்து விட்டுக்கொண்டே ஏறுவோரும் உண்டு. விடியற்காலையில் பார்த்தால் வழிநெடுக நூலிழைகள் பனித்துளி கோத்துக் கிடக்கும்.

இத்தனை நூலுக்கு நடுவே வாழ்ந்தும், நாற்பது வயதைக் கடக்கும் வரை நாம் ஒரு சட்டைப் பித்தானைத் தானும் தைத்ததில்லை. தமிழாசிரியர் தொழில் எம்முடையது. நன்னூலின் பாயிரத்தை ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்துகிறோம். நூல் என்னும் சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாய் நிற்பதைப் பவணந்தி முனிவர் எவ்வளவு நயமாக விளக்கியிருக்கிறார்! சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் அறிவைக் கதிராகவும் உருவகித்த அவ்விடத்தை நாம் குரலை ஏற்றி இறக்கிச் சொல்லும்போது பிள்ளைகள் வாய்திறந்து கேட்பர். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால், பித்தான் அறுந்த சட்டையை மனைவியார் பக்கம் நீட்டுவோம். அவ்வளவே எமது நூலறிவு.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் காகிதப் பூவும் பூத்தையலும் செய்யும் விதங்களைச் சகோதரிகள் பலர் எழுதப் படித்திருக்கிறீர்கள். இன்று நாம் எழுதப் புகுந்தது ஒரேயொரு கைவேலையைப் பற்றி. தையலும் காகித வேலையும் சேர்ந்த ஒன்று; தொடக்கநிலையினர் ஒரு மாலைப்பொழுதில் கற்கக்கூடியது. எழுதி முடியாத பழைய கொப்பிகளின் வெற்றுத் தாள்களைக் கொண்டு புதுக் கொப்பி தைப்பதே அது. அதை எம் முதிய தாயாரிடம் கற்க நேர்ந்த கதை எமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் சொல்ல மனம் ஒப்பவில்லை.

2022ஆம் ஆண்டை மறந்தவர் யார்? மார்ச் மாதத்தில் தாள் இல்லாமையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. கொப்பியின் விலை கேட்டுத் தாய்மார் கடைவாசலிலேயே திரும்பி நடந்த காலம் அது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒருநாள், எட்டாந் தர மாணவியொருத்தி பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் இலக்கணப் பயிற்சியை எழுதி நீட்டினாள். "கொப்பி எங்கே?" என்றோம். "அப்பா பத்தாந் தேதி சம்பளத்துக்கு வாங்கித் தாறேன்னு சொல்லியிருக்காரு, சேர்" என்றாள். அன்று தேதி இருபதோ என்னவோ. நாம் எரிச்சலிலே, "நாட்காட்டியில் எழுதுவதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாமே" என்று சொல்லிவிட்டோம். வகுப்பு சிரித்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும், மூன்றாம் நாளும் வரவில்லை. விசாரித்ததில் காய்ச்சலில்லை என்றும், லயத்திலே தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றும் தெரிந்தது. நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். தம்பியைப் பார்க்க நின்ற பிள்ளை சில மாதத்தில் கொழும்பிலே ஒரு வீட்டின் அடுப்படிக்கோ புடைவைக் கடைக்கோ போய்ச் சேர்வதை எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

அன்றிரவு எமக்கு உறக்கம் கொள்ளவில்லை. எம்மை அலைக்கழித்தது அந்தப் பிள்ளையின் முகம் மட்டுமன்று. வேறொரு கொப்பியும் நினைவுக்கு வந்தது.

எம் தாயார் கொழுந்து பறித்தவர். இடுப்பிலே படங்குச் சாக்கைக் கட்டி, முதுகிலே கூடை சுமந்து, மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். ஆண்டிறுதியில் எங்கள் பழைய கொப்பிகளைப் பிரித்து, எழுதாத தாள்களைப் பொறுக்கி அடுக்கி, கோணி ஊசியால் துளையிட்டு, சாக்குத் தைக்கும் சணலால் தைத்துத் தருவார். ஆறாந் தரத்தில் அப்படியொரு கொப்பியை நாம் கொண்டுபோனபோது, பக்கத்துப் பையன் அதைத் தூக்கிக் காட்டி, "அரிசிச் சாக்குக் கொப்பி" என்றான். அன்று மாலை வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தின் மேலிருந்து அதை ஆற்றில் எறிந்தோம். தொலைந்துவிட்டது என்று தாயாரிடம் பொய் சொன்னோம். அவர் ஒன்றுங் கேட்கவில்லை. இரண்டு நாளில் கடைக் கொப்பியொன்று வந்தது. யாரிடம் கடன் பட்டாரோ அறியோம்.

காலையில் அவரருகே அமர்ந்து, "அம்மா, அந்தக் காலத்திலே கொப்பி தைப்பீர்களே, அதை எனக்குக் காட்டித் தாருங்கள்" என்றோம். எழுபதைத் தாண்டிய அவருக்கு இப்போது ஊசியின் காது தெரிவதில்லை. சற்று நேரம் எம் முகத்தையே பார்த்தார். பிறகு, "இதையும் ஆத்துலே போடவா, தம்பி?" என்றார்.

முப்பது ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்தேயிருக்கிறது! நாம் தலைகவிழ்ந்திருந்தோம். அவரோ அதற்குள் அலமாரியைக் காட்டி, பழைய கொப்பிகளை எடுத்துவரச் சொல்லிவிட்டார்.

வேலைக்கு வருவோம். முதலிற் செய்யவேண்டியது தாள் தெரிதல். பழைய கொப்பியின் நடுக் கம்பிகளை மெல்ல நிமிர்த்திக் கழற்றினால் தாள்கள் இரட்டை இரட்டையாக வரும். இரு பாதியும் எழுதப்படாதவற்றைத் தனியே வையுங்கள். ஒரு பாதி மட்டும் வெறுமையாயின் அப்பாதியை வெட்டி எடுத்து, அதுபோன்ற இன்னொன்றோடு அரை விரல் அகலத் தாள்துண்டால் ஒட்டி இரட்டையாக்கிக் கொள்ளலாம். எம் தாயார் அவ்வாறு செய்ததில்லை. ஒற்றைத் தாள்களை அடுக்கி ஓரத்திலேயே குத்தித் தைத்துவிடுவார். அது உறுதியானதுதான், ஆனால் கொப்பி விரிந்து படுக்காது, எழுதும் கைக்கு இடைஞ்சல். இதை நாம் சொன்னபோது, "அப்போ நீயே நடுவிலே தையேன்" என்றார். இரண்டு முறைகளையும் தைத்துப் பார்த்த பின்னரே நடுத்தையலைத் தேர்ந்தோம்.

ஒட்டுவதற்குக் கடைப் பசை வேண்டுவதில்லை. கோதுமை மா ஒரு கரண்டிக்கு ஐந்து கரண்டி நீர் விட்டுக் கட்டியில்லாமற் கரைத்து, சிறு தீயில் கிளறினால் கண்ணாடி போல் வரும்போது இறக்கலாம். சிட்டிகை படிகாரம் சேர்த்தால் எளிதிற் பூஞ்சணம் பிடியாது. எமதூர் மழையில் ஒட்டியது காய இரண்டு நாள் செல்லும். அம்மிக்கல்லைப் பாரமாக ஏற்றி அடுப்படிக்கு அருகே வைப்போம்.

இரட்டைத் தாள் பத்தை ஒன்றினுள் ஒன்றாக மடித்து அடுக்கினால் நாற்பது பக்கம் கிடைக்கும். முதல் முறைக்கு அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். கட்டுத் தடித்தால் துளை கோணும். மேலட்டைக்குத் தேயிலைத் தொழிற்சாலையிற் கழிக்கப்பட்ட கடதாசிச் சாக்கைப் போல் வேறொன்றில்லை. முன்னே பலகைப் பெட்டியில் போன தேயிலை இப்போது பல மடிப்புக் கடதாசிச் சாக்குகளிற் போகிறது. அதன் ஒரு மடிப்பே அட்டைக்குப் போதும். கேட்டு வாங்குங்கள், கேளாமல் எடுத்தால் காவற்காரரோடு வீண் வம்பு.

இனித் தையல். மடிப்பின் உட்புறத்தில் நடுவில் ஒரு புள்ளியும், மேலும் கீழும் இரு விரல் விட்டு ஒவ்வொரு புள்ளியும் இடுங்கள். மடித்த துணியின் மேல் வைத்து, மூன்றையும் ஊசியால் துளையுங்கள். நூல் ஒன்றரை முழம் இருக்கட்டும். மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை உரசிக்கொண்டால் சிக்காது. உள்ளிருந்து நடுத்துளை வழியே ஊசியை வெளியே விட்டு, நூல் நுனியில் நான்கு விரலளவை உள்ளேயே நிறுத்துங்கள். வெளியே மேல்துளைக்குச் சென்று உள்ளே வாருங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே செல்லுங்கள். மீண்டும் நடுத்துளை வழியே உள்ளே வாருங்கள். இப்போது இரு நுனிகளும் நெடிய இழையின் இருபுறமும் நிற்கும். அவ்விழையை நடுவில் அகப்படுத்தி இரண்டு முடிச்சுப் போட்டால் வேலை தீர்ந்தது. நூலை இறுக்கும்போது மடிப்பின் நீளத்துக்கு இணையாக இழுக்கவேண்டும். குறுக்கே இழுத்தால் தாள் கிழியும். எம் முதல் மூன்று கொப்பிகள் அவ்வாறுதான் கிழிந்தன.

இது ஏழைகளின் ஒட்டுவேலை என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 1945இல் எகிப்திலே நாக் அம்மாடி என்னும் ஊரருகே ஒரு சாடிக்குள்ளிருந்து பழஞ்சுவடிகள் கிடைத்தன. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றிற் பெரும்பாலானவை தாள்களை ஒரே கட்டாக மடித்து, நடுவிலே தைத்து, தோலுறை இட்டவையே. நம் மொழியிலும் பொத்துதல் என்பதற்குத் தைத்தல் என்ற பொருளுண்டு. 'பொத்தகம்' அதிலிருந்து வந்தது என்பாரும், இல்லை அது வடசொல் என்பாரும் உளர். அவ்வழக்கைத் தீர்க்க நாம் வரவில்லை. ஆயினும் ஊசி பிடித்த பிறகு முதற் கட்சியின் மேல் எமக்குச் சற்றுச் சாய்வு உண்டாகியிருப்பதை மறைப்பானேன்?

அன்று ஊசி பத்து, நூற்கட்டை இரண்டு வாங்கப் போனோம். பருவம் முடிந்து கடைகள் மூடிக் கிடந்தன. ஒரு கடைக்காரர் பெட்டியைத் திறந்து மிச்சத்தை எடுத்துத் தந்தார். "அடுத்த பருவத்துக்கு இப்பவே ஏறப் போறீங்களா, சேர்?" என்று கேலி செய்தார்.

நாலாவதாகத் தைத்த கொப்பி கிழியவில்லை. அதை எடுத்துக்கொண்டு மாலையில் அந்த லயத்துக்குப் போனோம். பிள்ளை எம்மைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டாள். தாயார் முக்காலியைத் துடைத்துப் போட்டு, வெறுந்தேநீர் தந்தார். கொப்பியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் பிச்சையாகிவிடும் என்று தோன்றியது. ஆகையால், "பழைய கொப்பி ஏதாவது இருக்கிறதா? தைக்கக் காட்டித் தருகிறேன்" என்றோம். கதவுக்குப் பின்னிருந்து மூன்று கொப்பிகள் நீண்டன. தரையில் அமர்ந்து வேலையைத் தொடங்கினோம். முதலில் தம்பி வந்து பார்த்தான். அப்புறம் அவளும் வந்தாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழிநெடுகச் சொற்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தோம். ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்கியபோது அவை யாவும் மறந்துபோயின. "உன்னை அன்று அப்படிச் சொன்னது தவறு, பிள்ளை" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவள் ஒன்றுஞ் சொல்லவில்லை. எம் கையிலிருந்து ஊசியை வாங்கி, நூல் நுனியை நாவில் நனைத்து, ஒரே முறையிற் கோத்துத் தந்தாள்.

திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வந்தாள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளைக்குப் பின் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தைக்கிறார்கள். ஆண் பிள்ளைகளும் உண்டு. சென்ற வாரம் தைத்த ஒன்றைத் தாயாருக்குக் காட்டினோம். கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டு, விரலால் முடிச்சைத் தடவினார். "முடிச்சு தளந்திருக்கு" என்றார். அவிழ்த்து மறுபடியும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.