நான்கெல்லை

அத்தைக்கு அது 'புளியமரத்துப் புஞ்சை'. தாலுகா ஆபீசில் அப்படி ஒரு நிலமே கிடையாது. "சர்வே நம்பர் சொல்லுங்க தம்பி."

கல்யாணத்தின்போது தாத்தா வாய்வார்த்தையாகக் கொடுத்த 30 சென்ட். இணையத்தில் பட்டா எடுக்க ரெண்டு நிமிஷம்தான் ஆனது. பெரியப்பா பெயர் மட்டும் இருந்தது. ஆனால் அது 1979இல் தொடங்கிய யுடிஆருக்குப் பிந்தைய கணக்கு. முந்தைய அ-பதிவேட்டைக் கேட்கப் பழைய எண் வேண்டும்.

அதற்கு வழி கிடைத்தது பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுத் தகரப் பெட்டியில். அவர்களுடைய 1974 கிரயப் பத்திரம். சொந்தப் பத்திரம் இல்லாதவர்கள் அடுத்தவர் பத்திரத்தின் நான்கெல்லையைத்தான் படிக்க வேண்டும் (எந்த ஆபீசிலும் இதைச் சொல்ல மாட்டார்கள்). அதிலிருந்த எண்ணை வைத்துப் பழைய புலப்படத்தில் அதை ஒட்டிய எண்ணைப் பிடித்தேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமை மனு போட்டேன். நகல் வந்தது. தாத்தா பெயர் இருந்தது. அத்தை இல்லை.

"வாய்வார்த்தை நிக்காதுப்பா" என்றார் வக்கீல்.

அத்தை இருந்தது அந்தப் பத்திரத்தில் மட்டும்தான். அவள் பெயரைப் போட்டு, 'புஞ்சைக்கு மேற்கு' என்று ஒரு வரி. வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"ஆமா, அவுக காடு மேக்காலதான்" என்றாள்.