தீட்டப் போவது யார்?

மத்திய பிரான்சின் ஓவர்ன் பகுதியில், கிளெர்மான்-ஃபெரானுக்குக் கிழக்கே இருக்கிறது தியேர். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். கீழே பள்ளத்தில் துரோல் ஆறு. சுமார் அறுநூறு ஆண்டுகளாக இந்த ஊருக்குக் கத்திதான் பிழைப்பு. எஃகும் சாணைக்கல்லும் எப்போதும் வெளியூர்ச் சரக்குதான். சக்கரங்களைச் சுழற்றிய ஆறும் கைவேலையும் மட்டுமே ஊரின் சொந்தச் சொத்து. பிரான்சில் தயாராகும் கத்திகளில் பெரும்பங்கு இன்றும் இந்த வட்டாரத்தில்தான் உருவாகிறது.

சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்க நினைத்தேன். கடைக்குக் கடை ஒரே வடிவத்தை வெவ்வேறு எஃகுகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். விலையும் அதற்கேற்ப ஏறியது. விற்பவரைவிடச் செய்பவரைக் கேட்பது மேல் என்று தோன்றியது. கிளெர்மானில் குடியிருக்கும் புதுச்சேரி நண்பர் ஒரு சிறு பட்டறைக்கு அழைத்துப் போனார்.

பட்டறைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவர் ஒன்று கேட்டார். நண்பர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: “உங்க வீட்ல கத்திய யாரு தீட்டுறாங்கன்னு கேக்குறாரு அண்ணே.”

“நான்தான்” என்றேன். “எந்தக் கல்லில்?” என்பது அடுத்த கேள்வி. கடையில் கிடைக்கும் சாதாரண கார்பொரண்டம் கல் என்றதும், கைப்பிடி பூட்டாத மூன்று அலகுகளை மேசைமேல் வைத்தார்.

முதலாவது எக்ஸ்சி 75. முக்கால் சதவீதம் கரி சேர்ந்த இரும்பு. பெயர் சொல்லும்படி வேறு கலப்பு இல்லை. இரண்டாவது ஸ்வீடனிலிருந்து வரும் 12சி27. கரி 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். துருவைத் தடுப்பது அந்தக் குரோமியம். மூன்றாவது ஆர்டபிள்யூஎல் 34, அதுவும் ஸ்வீடன் சரக்கு. உருகிய எஃகை வாயுவால் சிதறடித்துப் பொடியாக்கி, அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக்குகிறார்கள். இதில் கரி ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். 14 சதவீதம் குரோமியத்தோடு 4 சதவீதம் மாலிப்டினமும் உண்டு.

தடித்த அட்டைப்பெட்டி ஒன்றை மூன்றாலும் கீற்றுக் கீற்றாக அறுத்துக் காட்டினார். முதலில் மழுங்கியது எக்ஸ்சி 75. கடைசிவரை தாக்குப்பிடித்தது பொடி எஃகு. பிறகு மூன்றையும் ஒரே கல்லில் தீட்டினார். வரிசை அப்படியே திரும்பியது. எக்ஸ்சி 75 சில இழுப்பிலேயே காகிதத்தைச் சத்தமில்லாமல் கிழித்தது; பொடி எஃகுக்கு வெகுநேரம் ஆயிற்று.

காரணம் எஃகுக்குள் இருக்கும் கார்பைடுத் துகள்கள். கரியும் குரோமியம், மாலிப்டினம், வனேடியம் போன்ற உலோகங்களும் சேர்ந்து உண்டாகும் இவை, சுற்றியிருக்கும் எஃகைவிடக் கடினமானவை. இவை மிகுந்தால் கூர் தேய நாளாகும். தீட்டவும் அதே அளவு பாடுபட வேண்டும். 4 சதவீதம் வனேடியம் கொண்ட அமெரிக்க எஸ்30வி போன்ற எஃகுகளில், வனேடியம் கார்பைடு பல தீட்டுகற்களில் இருக்கும் அலுமினிய ஆக்சைடையே கடினத்தில் மிஞ்சிவிடும். அவற்றுக்கு வைரத்தூள் பதித்த கல்தான் சரி.

அப்படியானால் கரி எஃகையே வாங்கிவிடலாமே? சமையலறைக் கத்திக்கு அது சரி. எலுமிச்சையும் வெங்காயமும் பட்டால், வீட்டு இரும்பு அரிவாள்மனை வாழைக்காயில் கறுப்பது போல அலகு கறுக்கும். துடைத்து வைத்தால் அந்தக் கறுப்பே செந்துருவை ஓரளவு தடுக்கும். மடக்குக் கத்தியில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அலகு சுழலும் ஆணியைச் சுற்றியும், அது மடங்கி உட்காரும் பள்ளத்திலும் துணி நுழையாது. பையில் ஊறும் வியர்வையும் பழச்சாறும் அங்கேதான் தங்கும். அலகு பளபளக்கும்போதே மூட்டு துருவேறிக் கிடக்கும்.

எஃகின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவதிலும் பயனில்லை. எக்ஸ்சி 75-ஐச் சுமார் 800 டிகிரிக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கிறார்கள். 12சி27-க்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். அப்படித் தோய்த்த எஃகு கண்ணாடி மாதிரி உடையும் என்பதால், 200 டிகிரியை ஒட்டி மறுபடி சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். இதில் தவறினால் எவ்வளவு விலை கொடுத்த எஃகும் வீண்.

பதம் கெடும் இன்னொரு இடம் சாணை. அங்கே வேலை செய்த இளம்பெண் முகமூடி அணிந்து, சுழலும் பட்டையில் அலகைத் தேய்ப்பதும் தண்ணீரில் முக்குவதுமாக இருந்தார். கையுறை போடவில்லை. சூட்டை விரல்தான் முதலில் அறிய வேண்டும் என்றார். கூர் ஓரம் நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று. அதைத் தேய்த்தெடுத்தாலும் அலகு ஒல்லியாகிவிடும்.

அவருக்கு முந்திய தலைமுறைகள் ஆற்றோரத்தில் பட்ட பாடு வேறு. நீர்ச்சக்கரத்தால் சுழலும் கல்லுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்து, முழு உடல் பாரத்தையும் கொடுத்துத் தீட்டினார்கள். குளிருக்கு நாயைக் காலின்மேல் படுக்கவைத்துக் கொண்டார்கள். கல் தெறித்தால் ஆளுக்கு ஆபத்து; தெறிக்காவிட்டாலும் நுரையீரலில் தூசு. இப்படி இயங்கிய கடைசிச் சக்கரம் 1976-இல் நின்றது.

“எத எடுக்கப் போறீங்க அண்ணே?” என்றார் நண்பர். சென்னைக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. என்னிடம் இருப்பது சாதாரணக் கல். 12சி27-ஐ எடுத்தேன். தினமும் அட்டையும் கயிறும் அறுப்பவர், வைரக்கல்லுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கினால் பொடி எஃகு வாங்கலாம். ஈரம் குறைந்த ஊரில் இருந்து, துடைக்கும் பழக்கமும் உள்ளவருக்குக் கரி எஃகைப் போல இணக்கமானது வேறில்லை. தீட்டவே மாட்டேன் என்பவருக்கு மூன்றும் ஒன்றுதான்: முதலாவது சீக்கிரம் மழுங்கும், மூன்றாவது தாமதமாக மழுங்கும்.