மருத்துவச்சியும் சான்றிதழும்

அயல்நாட்டில் வாழும் மகள், "வீட்டிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளப் போகிறேன், சான்றிதழ் பெற்ற மருத்துவச்சி வருவாள்" என்று தெரிவிக்கிறாள். "அங்ஙனமாயின் நம் ஊர் மருத்துவச்சியை நாம் ஏன் கைவிட்டோம்?" என்று இங்குள்ள முதியோர் வினவுகின்றனர். நமது சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் நிகழும் இவ்வாதம் எங்கள் இல்லத்திலும் எழுந்தது. என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். என் அன்னையார் என்னைக் காணிப்பாக்கத்தில் வீட்டிலேயே பெற்றவர். அன்று துணைநின்ற மருத்துவச்சியிடம் அரசாங்கச் சான்றிதழ் இருந்ததாம். "படித்தவள்தானே பார்த்தாள்?" என்பது அன்னையாரின் கேள்வி.

சென்னையில் 1854-லேயே மருத்துவச்சியர் பயிற்சி தொடங்கிற்று. 1926-ல் சென்னை மாகாணத்தில் பதிவுச் சட்டமும் வந்தது. சித்தூர் ஜில்லா 1953 வரை அம்மாகாணத்தைச் சேர்ந்ததே. ஆயினும் கிராமத்து மருத்துவச்சி பெரும்பாலும் கைப்பழக்கத்தையே நம்பி நின்றாள். 1977-ல் வந்த கிராமிய சுகாதாரத் திட்டந்தான் அவளையும் பயிற்சிக்கு அழைத்தது. பயிற்சி 30 வேலை நாட்கள். உதவித்தொகை 300 ரூபாய். மேற்பார்வையில் இரண்டு பிரசவமேனும் பார்க்க வேண்டியிருந்தது. முடிவில் சான்றிதழும் பிரசவப் பெட்டியும் கிடைத்தன. கை, இடம், பிளேடு, நூல், தொப்புள் என்னும் ஐந்தின் சுத்தமே தலையாய பாடம். இப்பாடமும் தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் சேர்ந்து, 2015-ல் தாய்சேய் ரணஜன்னியை வென்ற நாடாக இந்தியா அறிவிக்கப்பெற்றது.

எனினும், சுத்தம் கிருமியைத் தடுக்குமேயன்றி உதிரப்பெருக்கை நிறுத்தாது. அதற்கு ஊசிமருந்தும், வேண்டின் இரத்தமும், அறுவைச் சிகிச்சையும் தேவை; தாமதமோ ஆகாது. ஆகவேதான் 2004-ல் உலக சுகாதார நிறுவனம், குறுகிய பயிற்சி பெற்ற பரம்பரை மருத்துவச்சியைத் தேர்ச்சி பெற்றவர் வரிசையில் சேர்க்கவில்லை. சர்வதேச மருத்துவச்சியர் சம்மேளனம் 2010-ல் வகுத்த நியதிப்படி, நேரே சேர்பவர் 3 ஆண்டும், செவிலியர் 18 மாதமும் பயில வேண்டும். நம் நாட்டிலும் 2018-ல் செவிலியர்க்கு 18 மாதப் படிப்பு வகுக்கப்பட்டது. அமெரிக்காவில் வீட்டுப் பிரசவம் பார்ப்போர்க்கென 1994 முதல் ஒரு சான்றிதழ் உண்டு. அதையும் எல்லா மாநிலங்களும் ஏற்பதில்லை. ஆதலின் அங்குள்ள நம் பெண்கள், மருத்துவச்சியின் பெயர் அம்மாநிலப் பதிவேட்டில் உள்ளதா, ஆபத்து நேரின் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நிமிட வழி என்று கேட்டறிதல் நலம்.

நான் ரயில்வே எழுத்தன். எங்கள் இலாகாவில் வண்டி ஓட்டுபவர் ஒருமுறை தேறினால் போதாது. காலந்தோறும் மறுபயிற்சி உண்டு. பல உயிர்களைச் சுமப்பவர்க்கு அவ்விதி எனில், இரண்டுயிரைக் கையில் ஏந்துபவர்க்கு வேண்டாமா?

எங்கள் ஊர் வரசித்தி விநாயகர் சந்நிதியில் பொய்ச்சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவர். சான்றிதழும் ஒரு சத்தியமே. அன்னையாரின் மருத்துவச்சி பெற்ற சான்றிதழ் பொய்யன்று. அது ஐந்து சுத்தங்களுக்குச் சத்தியம் செய்தது. அதற்கு மேலும் அதனிடம் கேட்டவர்கள் நாமே.

இதனை எடுத்துரைத்தபோது அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அவள் விடியுமட்டும் என் கையை விடவில்லையடா" என்றார். அதுவும் மெய்யே. என் மனைவிக்குத் தெலுங்கு தெரியாது. சித்தூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே செல்வதென்றும், பிரசவ அறையில் அன்னையார் உடனிருப்பதென்றும் முடிவு செய்தோம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உறவுப்பெண் ஒருவர் துணையிருக்க 2016 முதல் மத்திய அரசு இசைவளித்துள்ளது. மொழி அறியாத ஊரில் மகப்பேற்றை எதிர்நோக்கும் சகோதரிகள், அவ்வுரிமையை முன்கூட்டியே கேட்டுப் பெறுவார்களாக.