பிடிவாதம் என்றொரு பெயர்

நம் வீடுகளிலே ஒரு சொல் உலவுகிறது. பிடிவாதம்! உண்ண மறுத்தால் பிடிவாதம். உடுத்த மறுத்தால் பிடிவாதம். ஊர் கூடிச் சிரிக்கும் திருமண வீட்டிலே ஒரு குழந்தை மட்டும் காதைப் பொத்திக்கொண்டு அலறினால் அதுவும் பிடிவாதம். பெயர் சூட்டிவிட்டோம், ஆகவே பொருள் விளங்கிவிட்டது என்று மனநிறைவும் கொண்டுவிட்டோம். பெயரிடுவது வேறு, அறிவது வேறு. அம்மை கண்டால் ஆத்தாள் வந்தாள் என்று பெயரிட்ட சமுதாயமன்றோ இது! அந்தப் பெயரோடு அமைதி கொள்ளாமல், ஏன் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அதனால்தான் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்தது என்று 1980-ஆம் ஆண்டிலே உலக நலவாழ்வு நிறுவனம் அறிவிக்க முடிந்தது.

அந்த 'ஏன்' என்ற கேள்வியை ஒரு சிறுமியின் அழுகையை நோக்கிக் கேட்கும் நிலை எனக்கு வாய்த்தது. அவள் என் மகள், அகவை ஐந்து.

பட்டுப்பாவாடை உடுத்தினால், இடுப்பிலே நெருப்பு வைத்தாற்போல் துடிப்பாள். சட்டையின் பின்கழுத்திலே தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டு அவளுக்கு முள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீப்பை எடுத்தால் வீடே போர்க்களம். சமையலறையிலே குக்கர் கூவினால், கூவி ஓய்ந்த பின்னும் கால்மணி நேரம் அவள் நடுக்கம் ஓயாது. சோற்றிலே குழம்பை ஊற்றிப் பிசைந்தால் குமட்டுவாள்; அதே சோற்றையும் குழம்பையும் தனித்தனியே வைத்தால் உண்பாள். இத்தகையவள்தான் திண்ணையிலிருந்து ஓயாமல் குதிக்கிறாள். நின்ற இடத்திலே பம்பரமாய்ச் சுழல்கிறாள். சுவரிலே வேண்டுமென்றே மோதிக்கொள்கிறாள். பூப்போலத் தொட்டால் துடிக்கிறாள். இறுக அணைத்தால் அடங்குகிறாள்! முரண்பாடுகளின் மூட்டை என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கோ, முரண் தென்படுகிற இடத்திலே ஏதோ ஒரு விதி ஒளிந்திருக்க வேண்டும் என்று தோன்றிற்று.

சென்ற ஆண்டு உறவினர் இல்லத் திருமணம். தவில் முழங்கத் தொடங்கியதும் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு பந்தலின் மூலைக்கு ஓடினாள். பெரியவர் ஒருவர், "மங்கல ஒலிக்குக் காதைப் பொத்தலாமா?" என்று கூறி அவள் கையைப் பற்றி இழுத்தார். கடித்துவிட்டாள். பிறகென்ன! மணமக்களைப் பார்க்க வந்த கூட்டம் எங்களைப் பார்க்கத் தொடங்கிற்று. பெண்பிள்ளைக்கு இத்தனை பிடிவாதம் ஆகாது என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் மற்றொருவர். மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார். கருவுற்றிருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்று என் காதோடு கேட்டார் ஒரு மூதாட்டியார். வேலைக்குப் போகும் தாய், பிள்ளைக்கு வளர்ப்புப் போதவில்லை என்று தீர்ப்பு வழங்கினார் இன்னொருவர். என் கணவர் பக்கத்திலேதான் நின்றுகொண்டிருந்தார். அவரும் வேலைக்குப் போகிறவர்தான். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை! குழந்தை நன்றாயிருந்தால் தந்தையின் குலப்பெருமை. குறையிருந்தால் தாயின் வயிறு, தாயின் வளர்ப்பு. இந்தக் கணக்கை எந்தப் பள்ளியிலே படித்தார்களோ!

இவர்களையெல்லாம் நான் பெரிதாகக் குறை கூறமாட்டேன். அறிவியக்கக் கூட்டங்களிலே முன்வரிசையில் அமரும் தோழர் ஒருவர் சொன்னதுதான் நெஞ்சிலே தைத்தது. "கயிறெல்லாம் மடமை, அம்மா! நான்கு அடி கொடுங்கள், சரியாகிவிடும். அடியாத மாடு படியாது" என்றார் அவர். சாதகத்தைக் கொளுத்தியவர், பிரம்பைக் கொளுத்தவில்லை. அடித்தால் காதுக்குள் ஒலி குறையுமா? சரிகை மென்மையாகிவிடுமா? எந்தக் காரணத்தால் எந்த விளைவு என்று சொல்ல இயலாத ஒரு செயலைப் பரம்பரை வழக்கம் என்பதற்காகச் செய்தால், அது கயிற்றுக்கு எந்த வகையிலே உயர்ந்தது?

சிறு கயிறுதானே, கட்டிவிட்டுப் போகட்டுமே என்று அமைதி விரும்புவோர் கூறினர். நான் இசையவில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியிலே காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட வழியின்றி வெந்து மாண்டனர். வழிபாட்டால் நோய் தீரும் என்று நம்பி அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் பகைவர் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. முதல் நாளிலே அவர்களும் சங்கிலியோடு தொடங்கியிருக்கமாட்டார்கள்.

தாயைக் குற்றக் கூண்டிலே ஏற்றும் பழக்கம் பாமரர்க்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க நாட்டிலே 1943-இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசம் என்ற நிலையை உலகுக்குக் காட்டினார். பின்னர், குளிர்ந்த உள்ளம் படைத்த தாய்மாரால்தான் அந்நிலை நேர்கிறது என்ற பேச்சு எழுந்தது. சிகாகோவிலே பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் அந்தப் பேச்சுக்கு அறிவியல் அங்கி அணிவித்து ஊரெங்கும் உலவவிட்டது. ஆட்டிசம் கொண்ட மகனுக்குத் தந்தையும் உளவியல் அறிஞருமான பெர்னார்டு ரிம்லாண்டு, அது மூளையின் அமைப்பைச் சார்ந்தது, அன்புக் குறைவைச் சார்ந்ததன்று என்று 1964-லேயே எழுதியிருந்தும், எத்தனையோ தாய்மார் ஆண்டுக்கணக்கில் தம்மைத் தாமே வெறுத்துக்கொண்டு வாழ்ந்தனர். இன்று அந்தக் கொள்கை கைவிடப்பட்டுவிட்டது. ஆனால் கிரகணம் கேட்ட மூதாட்டியாருக்கும், நூல் எழுதிய அறிஞருக்கும் இடையே என்ன வேற்றுமை? ஒருவர் காதோடு கேட்டார். மற்றவர் அச்சிலே ஏற்றினார்.

என் மகளுக்கு ஆட்டிசம் இல்லை என்று கூறினர் மருத்துவர்கள். அரசு மருத்துவமனையிலே மாவட்ட இடையீட்டு மையம் என்று ஒன்று உண்டு. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தைச் சேர்ந்தது. 18 அகவை வரை உள்ள பிள்ளைகளைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். அருகிலிருந்தும் இதை அறியாத பெற்றோர் பலர். முதலில் அவள் காதைச் சோதித்தனர், செவித்திறனில் பழுதில்லை. பிறகு, புலன்கள் கொண்டுவரும் செய்திகளை அளவறிந்து ஏற்பதிலே இவளுக்கு இடர்ப்பாடு உள்ளது என்று விளக்கினர்.

நம் தொல்காப்பியம் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கிறதே, அங்கே முதல் அறிவாக நிற்பது எது? கண்ணன்று, காதன்று, மெய்யால் உற்றறிவது! தொடுதல்தான் உயிரின் முதல் வாயில். அந்த வாயிலிலே காவலன் இல்லாத வீடு என் மகளின் உடல். நாம் சட்டை அணிந்த மறுநொடியே அதை மறந்துவிடுகிறோம். மறக்கச் செய்வது மூளை. அவள் மூளை மறக்க மறுக்கிறது. ஐம்புலன்களுக்கு அப்பாலும் இரண்டு உணர்வுகள் உண்டு என்று மருத்துவம் கூறுகிறது: உட்செவியிலே அமைந்த சமநிலை உணர்வு ஒன்று, கை கால் எங்கிருக்கின்றன என்பதைத் தசையும் மூட்டும் தெரிவிக்கும் உணர்வு மற்றொன்று. தொடுதலும் ஒலியும் மிகையாய்த் தாக்க, இவ்விரண்டும் அவளுக்குப் போதாமல் இருக்கின்றன. ஆகவே குதிக்கிறாள், சுழல்கிறாள், மோதுகிறாள். பசித்தவன் உணவைத் தேடுவதுபோல அசைவைத் தேடுகிறாள். மூட்டை அவிழ்ந்தது; முரண்பாடும் அகன்றது.

இந்தப் பார்வையை வகுத்தவர் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க அம்மையார். 'ஆக்குபேஷனல் தெரபி' எனப்படும் செயல்வழிப் பயிற்சித் துறையைச் சேர்ந்தவர். 1972-இல் இதைப் பற்றி நூல் எழுதினார். இங்கேதான் பகுத்தறிவாளர்க்கு இரண்டாவது தேர்வு. பூசாரியிடம் சான்று கேட்டோம். பயிற்சியாளரிடம் கேட்க வேண்டாமா? கேட்டேன். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2012-இல் ஓர் அறிக்கை விடுத்தது: இதைத் தனியொரு நோய்ப்பெயராகச் சூட்ட வேண்டாம், பயிற்சிகளுக்குரிய சான்று குறைவு என்பதைப் பெற்றோரிடம் கூறுங்கள், பயன் உண்டா என்று அளந்து பாருங்கள் என்பது அதன் சாரம். 2013-இல் அந்நாட்டு மனநல மருத்துவர்கள் திருத்தி வெளியிட்ட கையேட்டிலும், புலனுணர்வின் மிகையும் குறைவும் ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாக இடம்பெற்றன. தனி நோயாக இடம்பெறவில்லை. நிலைமை இவ்வாறிருக்க, பெருநகரிலே ஒரு பயிற்சி நிலையத்தார், ஓராண்டிலே முழுவதும் மாற்றிக் காட்டுகிறோம் என்று எனக்கு உறுதியளித்தனர். மாதக் கட்டணம் என் சம்பளத்தில் பாதி. எந்த அளவுகோலால் மாற்றத்தை அளப்பீர்கள் என்று கேட்டேன். நம்பிக்கை வையுங்கள் என்றனர். நம்பிக்கை! அந்தச் சொல்லை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று எண்ணிக்கொண்டே படியிறங்கினேன்.

அந்நிலையத்திலே கூரையிலிருந்து துணி ஊஞ்சல் ஒன்று தொங்கிற்று. குழந்தை அதனுள்ளே சுருண்டு படுத்தால் துணி நாற்புறமும் இறுக்கி ஆறுதல் தருமாம். விலையைக் கேட்டு வியந்தேன். வீட்டுக்கு வந்து, என் தாயின் பழைய நூற்புடவையை எடுத்து உத்தரத்திலே தூளி கட்டினேன். உத்தரம் தாங்குமா என்று என் கணவர் முதலில் தாமே தொங்கிப் பார்த்தார்.

மாவட்ட மையத்திலே பணிபுரியும் பயிற்சியாளர் அம்மையார் வேறு வகையினர். எதையும் வாக்களிக்கவில்லை. குறிப்பேடு ஒன்று வாங்குங்கள் என்றார். எப்போது அழுதாள், அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது. இம்மூன்றையும் பன்னிரண்டு வாரம் எழுதினோம். ஒரு நேரத்திலே ஒன்றை மட்டும் மாற்றினோம். துணிச்சீட்டுகளை வெட்டினோம், துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தியாடைகளையே உடுத்தினோம். குக்கர் கூவுமுன், இதோ கூவப்போகிறது என்று சொல்லி அவளையே அடுப்பை அணைக்க வைத்தோம். ஒலி அவள் கைக்குள் வந்ததும் அச்சம் பாதியாயிற்று. தலைவாருமுன் தண்ணீர்க் குடத்தைத் தள்ளுவது, மாவு பிசைவது போன்ற வலுவான வேலைகளைக் கொடுத்தோம். நாற்பது நிமிடம் நடந்த தலைவாரும் போர் பத்து நிமிடத்திலே முடிந்தது என்று குறிப்பேடு கூறுகிறது. எடை வைத்துத் தைத்த மேலாடை ஒன்றையும் ஒருவர் பரிந்துரைத்தார். இரவல் வாங்கி மூன்று வாரம் பார்த்தோம், எண்களிலே மாற்றமில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஒரு குழந்தையின் குறிப்பேடு உலகுக்குச் சான்றாகாது என்பதையும் நான் அறிவேன். அவள் வளர்ந்ததால் குறைந்ததா, தூளியால் குறைந்ததா என்று கேட்டால், பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. தூளி மட்டும் இன்னும் தொங்குகிறது, அவள் கேட்கிறாள்.

பள்ளிக்கூடம் இவ்வளவு எளிதாக இல்லை. எங்கள் ஊரிலே பெயர்பெற்ற மழலையர் பள்ளி ஒன்று, ஒலிபெருக்கியிலே பாட்டு முழங்கும்போது காதைப் பொத்தினாள் என்பதற்காக அவளை வெயிலிலே நிறுத்தியது. இரண்டாம் திங்களிலே, வேறு இடம் பாருங்கள் என்றது. பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்யும் 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு அகவையினர்க்கே உரியது, இவளுக்கோ ஐந்து! 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. அதிலே ஆட்டிசம் உண்டு. என் மகளின் இடர்ப்பாட்டுக்குத் தனித் தலைப்பு இல்லை. சான்றிதழ் கேட்டுச் சென்றால், எந்தக் கட்டத்திலே எழுதுவது என்று அலுவலர் விழிக்கிறார். அவர்மீது எனக்குச் சினமில்லை. கட்டம் போட்டவர் அவரல்லர். ஆயினும் கட்டத்துக்குள் அடங்காத குழந்தைக்கும் காது உண்டே!

வரும் ஜூன் மாதம் முதல் வகுப்பு. தெருக்கோடியிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியரைக் கண்டேன். குறிப்பேட்டைக் காட்டினேன். கூச்சலுக்கு அப்பால் ஓர் இடம், சன்னல் ஓரமாக; சீருடைக்குள்ளே பழைய பருத்தி உள்சட்டை; மணி அடிக்குமுன் அவளிடம் ஒரு சொல். இவ்வளவுதான் கேட்டேன். அவர் குறிப்பேட்டை இரண்டு முறை புரட்டினார். "நாற்பது பிள்ளைகள், அம்மா, நான் ஒருத்தி" என்றார். அது உண்மை. சற்று நேரம் கழித்து, "மணியை அவளே அடிக்கட்டுமே, முடியுமா?" என்று கேட்டார். கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மகளிடம் கேட்டேன். மணி எவ்வளவு பெரியது என்று கேட்கிறாள்.