உலகத்தைக் காப்பாத்த சில்லறை இருக்கா?

பத்தாவது படிக்கும் என் மகள் அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "அம்மா, இதைப் பாரேன்!"

ஒரு மீம். உலகத் தலைவர்கள் இருவர் ஆளுக்கொரு சிவப்பு பட்டனை வைத்துக்கொண்டு, 'என் பட்டன்தான் பெருசு' என்று குழாயடிச் சண்டை போடுகிறார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கூட இருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும்தான்.

ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால், ஹாலில் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னம்மா, தூங்கலையா?"

"அம்மா... நிஜமாவே யாராவது அந்தப் பட்டனை அழுத்திட்டா என்ன ஆகும்?"

"சாயங்காலம் அதைப் பார்த்துத்தானே அப்படிச் சிரிச்சே?"

"அது எல்லாரும் இருந்தப்போ."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. பெரியவங்க பார்த்துப்பாங்க. போய்ப் படு" என்று அனுப்பிவைத்தேன். அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. எந்தப் பெரியவர்கள்? எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? எனக்கே தெரியாத ஒன்றை இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கிறேனே!

என் அப்பா காலையில் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியைத் தாண்டி முதலில் கார்ட்டூனைத்தான் பார்ப்பார். சோவின் 'முகமது பின் துக்ளக்' படத்தை டி.வி-யில் எப்போது போட்டாலும் எழுந்திருக்க மாட்டார். நாட்டில் எதைப் பார்த்துப் பயப்படுகிறோமோ, அதைப் பற்றி வெளிப்படையாகப் பேச நையாண்டி ஒரு வழி என்பது அவரிடமிருந்து எனக்குத் தொற்றிய பழக்கம். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை உட்கார வைத்து, 1964-ல் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டேன். ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்'.

"கறுப்பு வெள்ளையா?" என்று முகம் சுளித்தவள், முதல் நிமிடத்திலேயே சிரித்துவிட்டாள். படம் தொடங்கும்போதே ஓர் அறிவிப்பு வருகிறது. 'இதில் காட்டப்படுவது போன்ற சம்பவங்கள் நடக்காமல் தடுக்கப் போதுமான ஏற்பாடுகள் எங்களிடம் இருக்கின்றன என்பது அமெரிக்க விமானப்படையின் நிலைப்பாடு' என்கிற அர்த்தத்தில். "நீ அன்னைக்கு ராத்திரி சொன்ன மாதிரியே இருக்கும்மா!" என்றாள்.

அந்தப் படம் வந்த காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் யூனியன் ஏவுகணைகளைக் கொண்டுவந்து வைக்க, அமெரிக்காவும் சோவியத்தும் 13 நாள்கள் முறைத்துக்கொண்டு நின்றன. 'நாளைக் காலை விடியுமா' என்று சாதாரண மக்கள் நிஜமாகவே பயந்த நாள்கள் அவை. அதற்கும் முன்பே, 1950-களிலிருந்தே அமெரிக்கப் பள்ளிகளில், குண்டு விழுந்தால் மேஜைக்கு அடியில் எப்படிப் பதுங்குவது என்று குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார்கள். ஓர் ஆமை பொம்மையைக் கதாநாயகனாக்கி, அதற்கென ஒரு குறும்படமே எடுத்திருந்தார்கள்.

பீட்டர் ஜார்ஜ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளரின் 'ரெட் அலெர்ட்' நாவலை வைத்து, முதலில் சீரியஸான படம்தான் எடுக்க நினைத்தார் குப்ரிக். திரைக்கதை எழுத உட்கார்ந்தபோது ஒரு சிக்கல். நிஜத்துக்கு நெருக்கமாகப் போகப் போக, காட்சிகள் சிரிப்பாக மாறின. சிரிப்பு வரும் இடங்களை வெட்டினால் உண்மையும் சேர்ந்து போய்விடுகிறது. அதனால் சிரிப்பை அப்படியே விட்டுவிட முடிவு செய்தார்.

கதை இதுதான். ஒரு விமானத்தள ஜெனரலுக்கு மூளை பிசகிவிடுகிறது. குடிநீரில் ரசாயனம் கலந்து கம்யூனிஸ்ட்டுகள் தன் உடம்பைக் கெடுக்கிறார்கள் என்பது அவர் நம்பிக்கை. 'ரஷ்யா மீது குண்டு போடுங்கள்' என்று விமானங்களுக்கு உத்தரவிடுகிறார். திருப்பி அழைக்கும் ரகசியக் குறியீடு அவருக்கு மட்டும்தான் தெரியும். விஷயம் தெரிந்து அமெரிக்க அதிபர், சோவியத் பிரதமருக்கு போன் செய்கிறார். அவரோ நல்ல போதையில் இருக்கிறார். உலகமே அழியப்போகும் நேரத்தில், இரண்டு தலைவர்களும் 'நான்தான் அதிகம் வருத்தப்படுகிறேன்', 'இல்லை, நான்தான்' என்று கோபித்துக்கொண்ட சம்பந்திகள்போலப் பேசிக்கொள்கிறார்கள். என் மகள் சோபாவிலிருந்து கீழே விழாத குறை.

அடுத்து ஒரு காட்சி. ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அந்தக் குறியீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறார். உடனே அதிபருக்குச் சொல்ல வேண்டும். தளத்தில் மற்ற போன் எதுவும் வேலை செய்யவில்லை. காசு போட்டுப் பேசும் போன் மட்டும்தான். அவரிடம் போதுமான சில்லறை இல்லை! ஆபரேட்டர் இணைப்பு தர மறுக்கிறார். பக்கத்தில் இருக்கும் கோக் மிஷினைச் சுட்டு உடைத்துக் காசு எடுக்கும்படி ஒரு கர்னலிடம் கெஞ்சுகிறார். கர்னலோ, 'அது தனியார் சொத்தாயிற்றே' என்று தயங்குகிறார்.

"ஜிபே பண்ண முடியாதாம்மா?" என்றாள் மகள். சிரித்துக்கொண்டே கேட்டவள், அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அமைதியாகிவிட்டாள். படம் முடியும்போது, திரை முழுக்க அணுகுண்டுப் புகை மேகங்கள். பின்னணியில் ஒரு பழைய, இனிமையான பாட்டு.

"அந்த ஜெனரல் ஒருத்தர்தான் பைத்தியம். மத்தவங்க எல்லாரும் அவங்க வேலையைச் சரியாத்தானே செஞ்சாங்க? அதிபர்கூட நல்லவர்தான். அப்புறம் ஏன் உலகம் அழிஞ்சுது?"

படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட அந்தக் கேள்வி நேராக விஷயத்துக்கு வந்தது. அதே 1964-ல், ஏறக்குறைய இதே கதையோடு 'ஃபெயில் சேஃப்' என்று சீரியஸான படம் ஒன்றும் வந்தது. நல்ல படம். ஆனால் குப்ரிக்கின் படத்துக்குப் பின்னால் வந்து, அதன் நிழலில் நின்றுவிட்டது. பயத்தைப் பயமாகவே காட்டினால் கண்ணை மூடிக்கொள்கிறோம். சிரிப்போடு காட்டினால் கடைசிவரை பார்க்கிறோம். பார்த்தால்தானே 'ஏன்' என்று கேட்க முடியும்?

"ஆனா இதெல்லாம் சும்மா கதைதானே?" என்றும் கேட்டாள். இந்தத் தடவை தெரியாமல் பதில் சொல்லக் கூடாது என்று தேட ஆரம்பித்தேன். சில நாள்கள் ராத்திரி சமையலறை வேலை முடிந்த பிறகு எனக்கு இதுதான் வேலை.

டேனியல் எல்ஸ்பெர்க் அப்போது அமெரிக்க ராணுவத்துக்கு அணு ஆயுதப் போர்த் திட்டங்களில் ஆலோசனை சொல்லிவந்தவர். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவருக்கு, ஓர் ஆவணப்படம் பார்த்ததுபோல இருந்ததாம். காரணம், அதிபரைத் தொடர்புகொள்ள முடியாத அவசர நேரத்தில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த சில தளபதிகளுக்கு ஐசனோவர் காலத்திலேயே முன்கூட்டி அனுமதி தரப்பட்டிருந்தது. அது மக்களுக்குத் தெரியாது. அதற்கான ஆவணங்கள் வெளிவரப் பல பத்தாண்டுகள் ஆயின.

படத்தில் சோவியத்திடம் ஒரு 'பிரளய இயந்திரம்' இருக்கும். யார் குண்டு போட்டாலும் தானாகவே உலகத்தை அழித்துவிடும். ஆனால் அப்படி ஒன்று இருப்பதை யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். 'சொல்லாவிட்டால் அதனால் என்ன பயன்?' என்று கேட்பார் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ். 1980-களில் சோவியத் நிஜமாகவே அதன் சாயலில் 'பெரிமீட்டர்' என்ற அமைப்பை உருவாக்கியது. தலைவர்கள் எல்லாரும் இறந்துபோனாலும் பதிலடி கொடுப்பதற்கான ஏற்பாடு. முழுக்கத் தானியங்கி அல்ல. கடைசிக் கண்ணியாக பதுங்கு அறையில் சில மனிதர்கள் இருப்பார்கள். அதையும் ரகசியமாகத்தான் வைத்திருந்தார்கள். உலகத்துக்குத் தெரியவந்தது 1990-களில்.

இன்னொன்று. அமெரிக்காவின் மினிட்மேன் ஏவுகணைகளை விடுவிக்கும் ரகசிய எண், பல ஆண்டுகள் வெறும் 8 பூஜ்ஜியங்களாகவே இருந்தது என்று, அங்கே அதிகாரியாக இருந்த புரூஸ் பிளேர் பின்னாளில் எழுதினார். விமானப்படை அதை மறுத்தது. மகளிடம் இதைச் சொன்னபோது, "நம்ம வீட்டு வைஃபை பாஸ்வேர்டே இதைவிடக் கஷ்டமா இருக்கேம்மா" என்றாள்.

தேடியதில் என்னை மிகவும் பாதித்தது ஒரு மனிதரின் கதை. ஹெரால்டு ஹெரிங், அமெரிக்க விமானப்படையில் மேஜர். வியட்நாம் போரில் பணியாற்றியவர். 1973-ல் ஏவுகணை இயக்கும் பயிற்சி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார். 'ஏவுகணையைச் செலுத்தச் சொல்லி எனக்கு வரும் உத்தரவு, புத்தி தெளிவாக இருக்கும் ஓர் அதிபரிடமிருந்துதான் வருகிறது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?'

அவ்வளவுதான். பயிற்சியிலிருந்து நீக்கினார்கள். அது அவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே அல்ல என்றார்கள். கடைசியில் வேலையே போயிற்று. பிறகு லாரி ஓட்டினார்.

அன்றைக்கு ஹாலின் இருட்டில் என் மகள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். அதே கேள்வியைக் குப்ரிக் 9 வருடங்களுக்கு முன்பே தியேட்டரில் கேட்டுவிட்டார். ஊரே சிரித்து, ஆஸ்கர் பரிந்துரைகளும் கிடைத்தன. சீருடையில் கேட்டவருக்கு வேலை போயிற்று. சீருடை போட்டவர்கள் கேட்க முடியாததைக் கோமாளி கேட்டுவிடலாம். நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் ராஜாவைப் பார்த்துக் கேட்பானே, அதுபோல.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 1986-ல் வந்த ஒரு பிரபல ஆங்கிலப் பாடல் வீடியோவில், ரீகன் உருவப் பொம்மை தூக்கத்திலிருந்து எழுந்து, நர்ஸைக் கூப்பிடும் பட்டனுக்குப் பதிலாக அணுகுண்டு பட்டனை அழுத்திவிடும். நன்றாகச் சிரிக்கலாம். ஆனால் அதற்கு 2 வருடங்களுக்கு முன்பு, 1984 ஆகஸ்டில், நிஜ ரீகனே வானொலி உரைக்கு முன் மைக்கைச் சோதிக்கும்போது, 'ரஷ்யாவைச் சட்டவிரோதமாக்கிவிட்டேன், 5 நிமிடங்களில் குண்டுவீச்சு ஆரம்பம்' என்று ஜோக் அடித்தார். விஷயம் கசிந்தது. சோவியத் கண்டித்தது. நாம் தலைவரைப் பார்த்து அடித்தால் நையாண்டி. அதே ஜோக்கைத் தலைவரே அடித்தால் வயிற்றைக் கலக்குகிறது. 2018-ல் வட கொரிய அதிபர் 'என் மேஜையில் பட்டன் இருக்கிறது' என்று சொல்ல, 'என்னுடையது அதைவிடப் பெரியது' என்று ட்ரம்ப் ட்வீட் போட்டார். என் மகள் காட்டிய மீம் கற்பனைகூட இல்லை!

மீம்கள் பெரும்பாலும் தலைவரின் முகத்தோடு நின்றுவிடுகின்றன. தலைமுடி, தொப்பை, பேச்சு. அந்த ஆள் போய்விட்டால் பயமும் போய்விடும் என்று நினைக்கவைக்கின்றன. குப்ரிக்கின் அதிபர் நல்லவர், பண்பானவர். ஆனாலும் உலகம் அழிகிறது. ஆளை விட்டுவிட்டு அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்க்கச் சொல்கிறது படம். இன்றைக்கும் அமெரிக்காவில் அணு ஆயுதத் தாக்குதலுக்கு உத்தரவிட அதிபருக்கு வேறு யாருடைய சம்மதமும் தேவையில்லை. அந்த அதிகாரத்தைப் பற்றி 2017 நவம்பரில் செனட் வெளியுறவுக் குழு விசாரணை நடத்தியது. நாடாளுமன்றத்தில் இதைப் பற்றி இப்படி விசாரித்து 41 வருடங்கள் ஆகியிருந்தன.

"நம்ம நாட்டுல?" என்றாள் மகள். பிரதமர் தலைமையிலான அரசியல் குழுதான் அனுமதி தர வேண்டும், முதலில் நாம் பயன்படுத்த மாட்டோம் என்பதும் நம் கொள்கை என்று 2003-ல் அரசு அறிவித்ததைச் சொன்னேன்.

கடைசியாக ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் கதையையும் சொன்னேன். 1983 செப்டம்பர் 26. அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக சோவியத்தின் கணினி அலறியது. பணியில் இருந்த அந்த அதிகாரி, 'போர் தொடுப்பவன் வெறும் 5 ஏவுகணைகளையா அனுப்புவான்?' என்று யோசித்து, அது தவறான எச்சரிக்கை என்று மேலே சொன்னார். மேகத்தில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்திருந்தது.

"அப்போ, 'பெரியவங்க பார்த்துப்பாங்க'ன்னு சொன்னது பொய்தானே?"

"பாதிப் பொய். சில பேர் பார்த்துக்கிட்டாங்க. சில பேர் கேள்வி கேட்டாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

'ம்' என்றாள். என் முதல் பதிலைவிட இது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, தெரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி ஹாலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

போன வாரம் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் வழக்கம்போல, "சில்லறையா கொடுங்கம்மா" என்றார். நான் கைப்பையைக் குடைந்துகொண்டிருக்க, மகள் என் காதருகே குனிந்து, ரொம்ப சீரியஸாகக் கேட்டாள்.

"சீக்கிரம் தேடும்மா. உலகத்தைக் காப்பாத்தணும்."