ஜன்னலுக்குள் ஒரு ஜன்னல்

எடின்பரோ நகரின் மார்ச்மாண்ட் பகுதியில் வீடு பார்க்கப் போகிறவர்கள் உயரமான கூரையைப் பார்ப்பார்கள், கூரையோரத்துச் சுதை வேலைப்பாட்டைப் பார்ப்பார்கள், ஆளுயர ஜன்னலைப் பார்த்ததும் மயங்கிவிடுவார்கள். என் அத்தை மகளும் அவள் கணவரும் அப்படி மயங்கித்தான் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டை வாங்கினார்கள். வாங்கியது கோடையில். நவம்பர் பிறந்ததும் தொலைபேசியில் பேச்சு மாறியது. "ஜன்னலைத் தொறந்தா குளிருதுன்னா அது நியாயம் அண்ணா. மூடி வச்சாலும் ஸ்க்ரீன் துணி ஆடுது" என்றாள்.

மணற்கல்லில் நான்கு மாடியாக எழுந்து நிற்கும் இந்தக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கட்டியவை. இப்போது அது பாதுகாக்கப்பட்ட பகுதி. முகப்பு ஜன்னலைப் பெயர்த்துவிட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல் வைக்க நகர நிர்வாகம் லேசில் சம்மதிக்காது. ஆகவே பழைய ஜன்னல் அப்படியே இருக்க, அறைக்குள் இன்னொரு கண்ணாடி ஜன்னலைப் பொருத்துவது என்று முடிவானது. வேலை தொடங்கும்போது நான் அங்கே இருந்தேன். கூட நின்று பார்க்கலாமா என்று தச்சரிடம் கேட்டேன். பார்க்கலாம், பெயிண்ட் சுரண்டும்போது மட்டும் முகக்கவசம் இல்லாமல் கிட்டே வரக்கூடாது என்றார். 1960-கள் வரை அங்கே மரத்துக்கு அடித்த பெயிண்டில் ஈயம் கலந்திருப்பது சகஜம்.

வந்தவர்கள் இரண்டு பேர். பெரியவர் அறுபதை நெருங்குகிறவர். பழைய ஜன்னலைத் தவிர வேறு வேலை எடுப்பதில்லை. கூட வந்த பையன் அவரிடம் தொழில் பழகுகிறவன். வேலைத்தளமும் கல்லூரியுமாக நான்கு ஆண்டுப் படிப்பு. அவன் மூன்றாம் ஆண்டில் இருந்தான். கண்ணாடி எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை. பெரியவர் பையிலிருந்து முதலில் எடுத்தது ஓர் ஊதுபத்தி. அதைப் பற்றவைத்து ஜன்னலின் விளிம்போரமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். இரண்டு சட்டங்களும் சந்திக்கும் நடுக்கட்டையில் புகை லேசாக நெளிந்தது. பக்கவாட்டில் மேலே கயிறு ஓடும் கப்பித் துளைக்கு வந்ததும் அப்படியே அறைக்குள் படுத்துக்கொண்டது. பையன் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

கப்பி எதற்கு என்று சொல்ல வேண்டும். நம் ஊர் ஜன்னல் கதவு கீலில் திறக்கும். இங்கே மேலும் கீழுமாக நகரும் இரண்டு சட்டங்கள். மேல் சட்டம் வெளிப்புறம், கீழ்ச் சட்டம் உட்புறம். ஒவ்வொன்றும் இருபுறமும் கயிற்றில் தொங்குகிறது. கயிறு கப்பிமேல் ஏறி, நிலைக்குள் மறைந்திருக்கும் மரப்பெட்டிக்குள் இறங்கி, ஓர் இரும்புக் குண்டைச் சுமக்கிறது. இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவத் தொடங்கிய ஏற்பாடு இது. முதலில் சின்னச் சின்னக் கண்ணாடிகளாகச் சேர்த்துச் செய்தார்கள். 1845-இல் கண்ணாடி வரியும், 1851-இல் ஜன்னல் வரியும் ஒழிந்தன. பெரிய கண்ணாடி மலிவானது, சட்டம் கனத்தது. அந்தக் கனத்தில் மூட்டு விட்டுப்போகாமல் இருக்கத்தான் சட்டத்தின் மூலையில் கொம்பு மாதிரி மரத்தை நீட்டி விட்டார்கள். மார்ச்மாண்ட் ஜன்னலில் அந்தக் கொம்பு இருந்தது.

பெரியவர் அறைப்பக்கத்துப் பீடிங்கைக் கழற்றினார். பெட்டியின் அடிப்பாகத்தில், அடுக்கடுக்கான பெயிண்டுக்குள் புதைந்து கிடந்த ஒரு பலகைத் துண்டைத் தேடிக் கண்டுபிடித்து, கத்தியால் சுற்றிலும் கீறி, உளி நுனியால் நெம்பினார். சின்னக் கதவு போல அது கழன்று வந்தது. உள்ளே கைவிட்டு ஒரு குண்டை வெளியே எடுத்தார். முழ நீளம், உருளை வடிவம், மேலே கயிறு கட்ட ஒரு காது. கயிறு எப்போதோ அறுந்திருந்தது. பெட்டிக்குள் இரண்டு குண்டுகள். ஒன்றோடொன்று இடித்துச் சிக்காமல் இருக்க நடுவே மெல்லிய பலகை ஒன்று மேலிருந்து தொங்கியது.

"மேல் சட்டத்துக்கு எந்தக் குண்டு?" என்று பையனைக் கேட்டார்.

"சட்டத்தைவிடக் கொஞ்சம் கனம் கூட."

"கீழ்ச் சட்டத்துக்கு?"

"கொஞ்சம் குறைய."

மேல் சட்டம் எப்போதும் மேலே இழுபட்டு ஒட்டி நிற்க வேண்டும். கீழ்ச் சட்டம் தன் கனத்தில் அடிக்கட்டைமேல் உட்கார வேண்டும். குண்டை மாற்றிப் போட்டால் இரண்டுக்கும் நடுவே சந்து விழும். பழைய சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி ஏற்றச் சொல்லும் வீட்டுக்காரர்களிடம் அவர் சொல்லும் முதல் தடையும் இதுதான். கண்ணாடி கனத்தால் குண்டும் கனக்க வேண்டும். அதே பெட்டிக்குள் அவ்வளவு பெரிய இரும்பு அடங்காது, ஈயக் குண்டு தேட வேண்டிவரும்.

கீழ்ச் சட்டத்தின் வலது மூலையில் திருப்புளியால் குத்திப் பார்த்தார். அது மாவு போல உள்ளே போனது. உளுத்த பகுதியைச் சாய்வாக அறுத்தெடுத்து, புது மரத்துண்டை ஒட்டுப் போட்டு, இழைப்புளியால் மட்டம் தட்டினார்கள். அறுத்த துண்டின் வெட்டுமுகத்தைப் பையன் என்னிடம் காட்டினான். குளிர்நாட்டில் மெல்ல வளர்ந்த பைன் மரம்; வளையங்கள் நெருக்கமாக, எண்ண முடியாதபடி இருந்தன. பக்கத்தில் புது மரத்தை வைத்தபோது வளையங்களை விரலால் எண்ண முடிந்தது. பழைய ஜன்னல் நூறாண்டு தாண்டி நிற்பதற்கு அதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத்தூளும் பிசைந்த மக்கை வைத்துக் கண்ணாடி ஓரத்தை அடைத்தார்கள். அது தோல் கட்டிய பிறகுதான் பெயிண்ட் அடிக்கலாம். சில வாரம் பிடிக்கும்.

இத்தனைக்கும் நடுவே, நான் எதிர்பார்த்த ஒன்றை அவர் செய்யவே இல்லை. காற்று புகும் இடத்தையெல்லாம் ஊதுபத்தி வைத்துக் கண்டுபிடித்தாரே, வெளி ஜன்னலில் அந்தச் சந்துகளை ஏன் பட்டை ஒட்டி அடைக்கவில்லை?

கேட்டேன். அடைக்கக் கூடாது என்றார். சமைக்கிறோம், குளிக்கிறோம், மழைக்காலத்தில் துணியை வீட்டுக்குள் காயப்போடுகிறோம். அறைக் காற்றில் ஈரம் நிறைய. அது இரண்டு ஜன்னலுக்கும் இடையில் புகுந்தால் குளிர்ந்த வெளிக் கண்ணாடியில் பட்டு நீராகிவிடும். வெளி ஜன்னலையும் இறுக்கி அடைத்துவிட்டால் அந்த ஈரம் போக வழியில்லை. வடிந்து அடிக்கட்டையில் தேங்கி மரத்தை உளுக்க வைக்கும். ஆகவே உள் ஜன்னல் இறுக்கமாக இருக்க வேண்டும், வெளி ஜன்னல் கொஞ்சம் மூச்சு விட வேண்டும். ஊதுபத்தி பார்த்தது காற்று அளவுக்கு மீறி வருகிறதா, மரம் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அறியத்தான். இரண்டு ஜன்னலையும் சிலிகான் பூசி அடைத்த வீடு ஒன்றுக்கு அவரைக் கூப்பிட்டார்களாம். அடிக்கட்டை முழுவதையும் மாற்ற வேண்டிவந்தது. நூற்றாண்டு கண்ட மரத்தை நாலைந்து குளிர்காலத்தில் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லும்போதுதான் அவர் குரல் ஒருமுறை உயர்ந்தது.

இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுக்க இந்த ஓர் இடத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது. உள்ளே வைக்கும் ஜன்னல் ஆலையில் செய்து வருவது. அளவு கொடுத்தால் அலுமினியச் சட்டமும் கண்ணாடியுமாக வந்து இறங்கும். எங்கே அடைப்பது, எங்கே விடுவது என்று தெரிந்தவர் கையில்தான் அது பயன்படும். தெரியாதவர் கையில் அதே சரக்கு வீட்டுக்கு வினை.

ஜன்னலின் இருபக்கமும் சுவருக்குள் பலகை பதித்தது போல இருந்ததைப் பெரியவர் கத்தியால் கீறினார். மடிப்பு மடிப்பாக மரக்கதவுகள் வெளியே வந்தன. "ஆறு மாசமா இத சுவத்துப் பலகைன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றாள் அத்தை மகள். ராத்திரி இழுத்து மூடிக்கொள்வதற்கென்றே கட்டிய கதவுகள். எந்தக் காலத்திலோ யாரோ பெயிண்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். 2008-இல் ஹிஸ்டாரிக் ஸ்காட்லாந்து அமைப்புக்காகக் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட ஒரு பழைய ஜன்னலைச் சோதனைக்கூடத்தில் வைத்து அளந்து பார்த்தது. கனத்த திரைச்சீலை போட்டால் வெப்ப இழப்பு 14 சதவீதம் குறைந்தது. மரக்கதவை மூடினால் 51. உள்ளே இரண்டாவது கண்ணாடி வைத்தால் 63. பழைய சட்டத்திலேயே இரட்டைக் கண்ணாடி ஏற்றினால் 79. 51-க்கும் 63-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். வீட்டிலேயே இருந்த மரக்கதவு ஒரு பைசா கேட்காமல் பாதி வேலையைச் செய்கிறது. பகலில் மூடி வைக்க முடியாது என்பது மட்டும்தான் அதன் குறை.

அளவெடுக்கும் வேலை இன்னும் சுவையானது. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்தார்கள். உயரமும் அப்படியே. பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு. ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்கவே இல்லை. கட்டடம் உட்கார்ந்ததில் கல் நிலை ஒரு பக்கம் சரிந்து, மேலகலத்துக்கும் கீழகலத்துக்கும் விரல்கடை வித்தியாசம். ஆலையில் சதுரம் பிசகாமல் செய்வார்கள். சுவரோ சதுரமாக இல்லை. இரண்டையும் சமாதானப்படுத்த ஒரு மரச்சட்டத்தை ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து வரும்படி சீவி நடுவில் வைக்கிறார்கள். அந்தச் சீவலைப் பெரியவர் பையனிடம் விடவில்லை. உள் ஜன்னலின் நடுக்கட்டை வெளி ஜன்னலின் நடுக்கட்டைக்கு நேராக வரும்படியும் குறித்துக்கொண்டார். அப்போதுதான் தெருவிலிருந்து பார்த்தால் இரண்டாவது ஜன்னல் கண்ணில் படாது.

கண்ணாடி வந்துசேரச் சில வாரம் ஆனது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வளைந்து ஏறும் கல் படிக்கட்டில் சுமந்துதான் கொண்டுவர வேண்டும். நாலு மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்குப் பத்து கிலோ கனக்கும். படுக்கையறைக்கு வாங்கிய ஒட்டுக் கண்ணாடி பதினாறு. முழங்கால் ஒத்துழைக்காததால் பெரியவர் இப்போது கண்ணாடி தூக்குவதில்லை. பையன் முதுகைச் சுவரில் உரசியபடி, ஒவ்வொரு படியாகக் குதிகாலால் தேடித் தேடி ஏறினான்.

கண்ணாடியில் எந்தப் பக்கம் வெப்பத்தைத் திருப்பும் பூச்சு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பெரியவர் லைட்டரைக் கொளுத்திக் கண்ணாடிமுன் பிடித்தார். இரண்டு சுடர்கள் தெரிந்தன, ஒன்றின் நிறம் மட்டும் மாறுபட்டிருந்தது. அதை வைத்துப் பக்கத்தை முடிவு செய்து, பூசிய பக்கம் இரு ஜன்னல்களுக்கும் இடையே உள்ள வெளியைப் பார்க்கும்படி வைத்தார்.

அந்த இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் குளிருக்கு ஒரு கணக்கு, சத்தத்துக்கு ஒரு கணக்கு. குளிருக்கு இருபது மில்லிமீட்டர் அளவு போதும். அதற்குமேல் போனால் உள்ளிருக்கும் காற்று சுழலத் தொடங்கிவிடும், கூடுதல் லாபம் இல்லை. சத்தத்துக்கு நூறு மில்லிமீட்டராவது வேண்டும், கண்ணாடியின் தடிப்பும் வெளிக் கண்ணாடியிலிருந்து வேறுபட வேண்டும். வீட்டுக்குக் கீழே கருங்கல் பதித்த தெரு. ஒரு டாக்சி போனால் கட்டில் வரை தடதடக்கும். படுக்கையறையில் அகல இடைவெளி விட்டால் மரக்கதவு மூடாது. கணவனும் மனைவியும் கொஞ்ச நேரம் வாதாடி, படுக்கையறையில் தூக்கத்தையும் கூடத்தில் மரக்கதவையும் தேர்ந்தெடுத்தார்கள். பொருத்தி முடித்த இரவு நான் அந்த அறையில் கேட்டேன். தெருவில் போகிறவர்களின் பேச்சு அடங்கிவிட்டது. டாக்சியின் அடித்தொண்டை உறுமல் இன்னும் இருந்தது, குறைந்து.

பில் வந்தபோதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. பிரிட்டனில் 2022 ஏப்ரல் முதல் வீட்டில் எரிசக்தி மிச்சம் பிடிக்கும் பல பொருட்களைப் பொருத்த மதிப்புக்கூட்டு வரி இல்லை. ஜன்னல் சந்தை அடைக்கும் பட்டைக்குக்கூடச் சலுகை உண்டு. இந்த இரண்டாவது கண்ணாடிக்குக் கிடையாது, 20 சதவீதம் கட்ட வேண்டும். பழைய மரத்துக்குப் போட்ட ஒட்டுக்கும் அதே வரிதான். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு வரி பூஜ்யம். இருப்பதைக் காப்பாற்றுகிறவனுக்கு அபராதம் போடுகிற கணக்கு இது.

வாடகைக்கு இருப்பவர்கள் இந்தச் செலவெல்லாம் செய்ய முடியாது. அதே தெருவில் தங்கிப் படிக்கும் தமிழ் மாணவர்கள் ஜன்னல் நிலையில் இருபக்கப் பசை நாடாவை ஒட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டி விறைப்பாக்கிக் குளிர்காலத்தை ஓட்டுகிறார்கள். காந்தப் பட்டையில் ஒட்டிக்கொள்ளும் அக்ரிலிக் பலகைகளும் கிடைக்கின்றன. வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.

லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் நம்மவர்கள் வாங்கிக் குடியிருக்கும் வீடுகளில் பல, விக்டோரியா, எட்வர்டு காலத்தவை. ஏராளமான வீடுகளில் முன்ஜன்னல் ஏற்கெனவே பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. இன்னும் மர ஜன்னல் மிச்சமிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றித் தருகிறோம் என்று வருகிறவரிடம் கையெழுத்துப் போடும் முன், பழைய ஜன்னல் வேலை தெரிந்த ஒரு தச்சரை வரவழைத்து, குண்டுப் பெட்டியைத் திறந்து மரத்தைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் திடமாக இருந்தால் பழுது பார்த்து உள்ளே ஒரு கண்ணாடி வையுங்கள். உள்ளே, வெளியே இரண்டையும் சிலிகான் போட்டு அடைத்துவிடலாம் என்று அவர் சொன்னால் மட்டும், தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.