பத்துக் கோல் மிராசு

நமது குடும்பம் விவசாயக் குடும்பம் என்று வெகு காலமாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம். தஞ்சாவூர் ஜில்லாவில் நமது பாட்டனாருக்கு நன்செய் இருந்தது வாஸ்தவந்தான். அந்த நிலத்தை அவர் உழுதாரா என்று கேட்டால், அது வேறு விஷயம். திண்ணையில் சாய்ந்து வெற்றிலை மடித்தபடியே, "மழை எப்படி?" என்று காரியஸ்தரை விசாரிப்பார். அவர் செய்த விவசாயம் அவ்வளவுதான். நமது தகப்பனார் அதைக்கூடச் செய்யவில்லை. நிலத்தை விற்று நம்மைப் படிக்க வைத்தார். நாமோ லண்டனுக்கு வந்து முப்பது வருஷம் மேஜை முன்னால் உட்கார்ந்து உத்தியோகம் பார்த்தோம். ஆக, மூன்று தலைமுறையாக மண்ணைத் தொடாத விவசாயிகள்!

இப்பேர்ப்பட்ட நமக்கு, ஓய்வு பெற்ற வருஷத்தில் காய்கறி பயிரிட ஒரு துண்டு நிலம் கிடைத்தது. இந்நாட்டில் இதை 'அலாட்மெண்ட்' என்கிறார்கள். நகர சபை தன் நிலத்தைப் பாத்தி பிரித்தாற்போல் பிரித்து, குடித்தனக்காரர்களுக்கு வருஷக் குத்தகைக்கு விடுகிறது. இப்படி நிலம் கொடுக்க வேண்டுமென்பதற்கு 1908-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? ஐந்து வருஷம் காத்திருந்தோம். நிலத்தின் அளவை இன்னமும் பழைய காலத்துக் கோல் கணக்கிலேயே சொல்கிறார்கள். முழுத் துண்டு என்பது பத்துச் சதுரக் கோல். அதாவது சுமார் 2,722 சதுர அடி. சென்னைப் பட்டணத்துக் கிரவுண்டைவிடச் சற்றே பெரியது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இத்தகைய துண்டுகள் சுமார் 14 லட்சம் இருந்தனவாம். லண்டன் கோட்டை அகழியில்கூட அப்போது காய்கறி பயிரிட்டார்களென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் புது மண்வெட்டியும் புது பூட்ஸுமாகப் போய் இறங்கினோம். நிலம் முழுவதும் வெள்ளைப் பூப் பூத்த ஒரு கொடி படர்ந்திருந்தது. "என்ன அழகு!" என்றோம். பக்கத்துத் துண்டில் வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கிழவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கொடிக்குப் 'பைண்ட்வீட்' என்று பெயர். அதன் வேர் வெள்ளையாக நூல் கயிறுபோல் ஓடுகிறது. அரை அங்குலத் துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைத்துவிடும். இது தெரியாமல் நாம் ஒரு வாரம் மண்வெட்டியால் கொத்தினோம். ஒரு கொடியை ஆயிரம் கொடியாக்கிய பெருமை நம்மையே சேரும்.

பிறகு நத்தைகள் வந்தன. ஓடில்லாத, கட்டை விரல் பருமனுள்ள நத்தைகள். பகலில் நட்ட முட்டைக்கோஸ் நாற்றில் மறுநாள் காலை காம்புதான் மிச்சம். பழைய மருந்து ஒன்றை 2022-ம் வருஷத்திலேயே தடை செய்துவிட்டார்கள். முள்ளெலிக்கும் பறவைக்கும் கெடுதல் என்று. சரியான தடைதான். ஆகவே இரவில் கைவிளக்குடன் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். கொத்துமல்லியோ, ஜூன் மாதத்து நீண்ட பகலைக் கண்டதும் இலை விடுவதை மறந்து பூக்கப் புறப்பட்டுவிட்டது.

சுகமே இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். ஜூலை மாதத்தில் ஒரு சாயங்காலம் முதல் உருளைக்கிழங்குச் செடியைக் கிளறினோம். கறுப்பு மண்ணுக்குள்ளிருந்து வெளுத்த கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டு வந்தன. வீட்டு எஜமானி புடவைத் தலைப்பை ஏந்திக்கொண்டு, "இன்னும் இருக்கிறதா பாருங்கள், இன்னும் இருக்கிறதா பாருங்கள்!" என்று குழந்தைபோல் கேட்டுக்கொண்டேயிருந்தாள். மணி ஒன்பதாகியும் வெளிச்சம் இருந்தது. அன்றிரவு செய்த பொடிமாஸுக்கு ஈடான ஒன்றை நாம் இதுவரை சாப்பிட்டதில்லை. வெந்தயக் கீரையும் செழித்தது. வாங்கிய சாமான்களின் விலையைக் கூட்டி, கிழங்கு கிலோ என்ன விலை என்று எஜமானி ஒரு நாள் கணக்குப் பார்த்தாள். அந்தக் கணக்கை இங்கே வெளியிடுவது உசிதமல்ல.

ஆகஸ்டில் தக்காளி குலை குலையாகத் தொங்கிற்று. நாலு நாள் புழுக்கமும் தூறலுமாக இருந்தது. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் இலைகளில் பழுப்புத் திட்டு. தண்டு கறுத்து, காய்கள் வெந்தவைபோல் அழுகியிருந்தன. உருளைக்கிழங்கில் பின்பருவப் பாத்திகளும் போயின. 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்தது இதே நோய்தான். அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் ஜனங்கள் மாண்டபோதும், அந்நாட்டுத் தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. நமக்கு ஒரு பருவக் காய் போயிற்று. கடைக்குப் போனால் தீர்ந்தது. ஆயினும் கால் மணி நேரம் அங்கேயே நின்றோம்.

மனம் வெறுத்துப் பல வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. களை மண்டிவிட்டது. அப்போது நகர சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது: "தங்கள் துண்டு சரிவரப் பயிர் செய்யப்படவில்லை. இருபத்தெட்டு நாளில் சீர்படுத்தாவிட்டால் குத்தகை ரத்தாகும்."

கடிதத்தைப் படித்ததும், என்றோ மறந்திருந்த ஒரு காட்சி மனக்கண்முன் வந்தது. நமக்கு அப்போது ஏழு வயதிருக்கும். குத்தகைக்காரர் ஒருவர் வாசலில் நிற்கிறார். கையில் ஒரு பிடி கதிர். நோய் விழுந்து, மணி பிடிக்காமல் சாம்பல் நிறமாயிருந்த கதிர். அவர் அதை நீட்டுகிறார். பாட்டனார் வாங்கிப் பார்க்கவில்லை. "பயிரென்றால் நோய் வரத்தான் வரும். நீ கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்றார். குத்தகையில் ஒரு மரக்கால் குறைக்கவில்லை. குத்தகைக்காரர்களை நினைத்தபடி வெளியேற்றக் கூடாதென்று 1955-லேயே சட்டம் வந்திருந்தது. அந்த மனிதரோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கதிரைத் திண்ணை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். நாம் அதை எடுத்து விளையாடினோம்.

அவர் பெயர் என்னவென்று எவ்வளவோ யோசித்தோம், நினைவுக்கு வரவில்லை. காரியஸ்தரின் கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்கும். அதுவும் நிலத்தோடு போயிற்று.

மறுநாளே மண்வெட்டியை எடுத்தோம். இருபது நாள் களை எடுத்தோம், கை கொப்புளித்தது. கிழவர் தாமாகவே வந்து, மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டு, நீண்ட பற்களுள்ள தமது முள்மண்வெட்டியைக் கொடுத்து, வேரை அறுக்காமல் நெம்பி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். அவருடைய தக்காளியும் அழிந்துதான் போயிருந்தது. "உமது தப்பு ஒன்றுமில்லை. காற்றில் வருகிற நோய்" என்றார். இருபத்தெட்டாம் நாள் நகர சபை உத்தியோகஸ்தர் வந்தார், பார்த்தார், நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். குத்தகை நிலைத்தது.

இப்போது பிப்ரவரி மாதம். விதை உருளைக்கிழங்குகள் முளை விடுவதற்காகச் சமையலறை ஜன்னலோரத்தில் முட்டை அட்டைகளில் உட்கார்ந்திருக்கின்றன. காப்பி டம்ளர் வைக்க இடமில்லையென்று எஜமானிக்குக் கோபம்.